பைனாகுலர் யாருக்கு, சாக்குப்பை யாருக்கு?

"பறவைக்கு ஏதுங்க சாதி? இதுலயுமா சாதியக் கொண்டுவருவீங்க?"

திண்டுக்கல்லில் பறவை நோக்கும் நண்பர்களிடம் நாங்கள் இந்தப் பேச்சை எடுத்த ஒவ்வொரு முறையும் வந்து விழுந்த கேள்வி இது. கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு விடியுமுன் கண்மாய்க்கரைக்கு வந்து நிற்பவர்கள். குளத்தில் குப்பை கொட்டினால் மனு எழுதுபவர்கள். பொங்கல் விடுமுறையில் ஊர் ஊராகப் போய்க் கொக்கையும் நாரையையும் எண்ணுபவர்கள். ஆனாலும் கேள்வி பழைய கேள்விதான். கல்லூரியில் ஏது சாதி, கிரிக்கெட்டில் ஏது சாதி, சங்கீதத்தில் ஏது சாதி என்று கேட்டவர்களின் வரிசையில் கடைசியாக இதுவும் வந்து நிற்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பறவைக்குச் சாதி இல்லை. அது வந்து இறங்கும் குளத்துக்கு இருக்கிறது. குளத்துக்குப் போகும் பாதைக்கு இருக்கிறது. கரையில் யார் நின்றால் 'ஆர்வலர்', யார் நின்றால் 'எவன்டா அவன்' என்பதில் இருக்கிறது. பறவைக் குழுவில் யார் கையில் பைனாகுலர், யார் கையில் சாக்குப்பை என்பதிலும் இருக்கிறது.

குளம் எப்போது பொதுவானது?

மகாத் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. சவுதார் குளத்தில் மாடு குடித்தது, நாய் குடித்தது, பறவைகள் இறங்கிக் குடித்தன. மனிதர்களில் ஒரு பிரிவினர் மட்டும் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் அடியாட்களோடு வந்து தாக்கினார்கள். பிறகு சாணத்தையும் கோமியத்தையும் கொட்டிக் குளத்தைப் 'புனிதப்படுத்தினார்கள்'. வழக்கு முடிய 1937 ஆனது. ஒரு குளம் பொதுக் குளம்தான் என்று நிறுவுவதற்குப் பத்தாண்டுகள்.

அது பழைய கதை என்பவர்களுக்கு வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பர். புதுக்கோட்டை, நமக்குத் தூரத்து ஊர் இல்லை. தலித் குடியிருப்புக்குப் போகும் மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள்.

ஆகவே 'நீர்நிலையில் பறவை நோக்குதல்' என்று அழைப்பிதழில் போடும்போது, அரசியலே இல்லாத ஓர் இடத்துக்கு அழைப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் தண்ணீரைப்போல அரசியல் ஏறிய பொருள் வேறில்லை. அதன் கரையில் நின்றுகொண்டு 'இங்கே சாதி இல்லை' என்று சொல்வதற்கு ஒன்று அறியாமை வேண்டும், அல்லது வசதி வேண்டும்.

கண்ணுக்கு ஒரு கூட்டம், கைக்கு ஒரு கூட்டம்

எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர் இரண்டு ஆண்டுகளாக இந்தப் பறவை நடைகளுக்குப் போய் வருகிறோம். எல்லோரும் மாணவர்கள், அல்லது படித்துவிட்டு வேலை தேடுபவர்கள். எந்தக் குழு, எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. ஒரு குழுவைத் திட்டுவது எங்கள் நோக்கம் இல்லை. பெயரைச் சொன்னால், அந்தக் குழு மட்டும்தான் இப்படி என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

நடைக்கு இரண்டு வகை அழைப்பு உண்டு. ஒன்று வாட்ஸ்அப் குழுவில், பாதி ஆங்கிலத்தில் வரும்: காலை ஐந்தரைக்கு இந்த இடத்தில் கூடுகிறோம், பைனாகுலரும் கேமராவும் இருந்தால் கொண்டு வாருங்கள், காரில் வருபவர்கள் இடம் இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டம் வழியாகவோ ஆதிதிராவிடர் நல விடுதிக் காப்பாளர் வழியாகவோ வரும்: நாளை குளத்தில் தூய்மைப் பணி, ஐம்பது பேர் வேண்டும், கையுறையும் சாப்பாடும் தரப்படும்.

இரண்டு அழைப்பும் ஒரே குளத்துக்குத்தான். ஒரே நாளில்கூட நடக்கும். முதல் அழைப்பில் வந்தவர்கள் கரைமேல் நின்று நாமக்கோழியையும் நீர்க்காகத்தையும் எண்ணுவார்கள். இரண்டாம் அழைப்பில் வந்தவர்கள் கரைக்குக் கீழே இறங்கி பிளாஸ்டிக் கவரையும் பீர் பாட்டிலையும் பொறுக்குவார்கள். கீழே நின்று பொறுக்கிய பையன் ஒருவன் நிமிர்ந்து, "அது என்ன பறவைண்ணே?" என்று கேட்டான். மேலே நின்றவர் பெயர் சொன்னார், நன்றாகவே சொன்னார். ஆனால் கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கழற்றி, "இந்தா, நீயே பாரு" என்று கொடுக்கத் தோன்றவில்லை. அவன் கை அழுக்காக இருந்தது. அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது?

இரண்டு கூட்டத்துக்கும் பெயர் ஒன்றுதான்: தன்னார்வலர். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்பவர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து அடுக்குவது என்று 1936இலேயே அம்பேத்கர் எழுதிவைத்தார். சம்பளம் இல்லாத வேலையிலும், விருப்பப்பட்டுச் செய்யும் வேலையிலும்கூட அந்த அடுக்கு தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்ணால் செய்யும் வேலை ஒரு கூட்டத்துக்கு. கையால் செய்யும் வேலை இன்னொரு கூட்டத்துக்கு. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பார்கள். திட்டம் போடாமலே நடப்பதால்தான் அதற்குச் சாதி என்று பெயர்.

யாருடைய அறிவு?

பறவையைப் பற்றிய அறிவு காரில் வந்து இறங்கியது என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள்.

இந்தச் சமவெளியின் குளங்களையும் கண்மாய்களையும் நடத்தியவர் நீர்க்கட்டி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பங்கிடுவதும், மழை இரவில் கரை உடையாமல் காவல் கிடப்பதும் அவர் வேலை. தென்மாவட்டங்களில் பெரும்பாலான ஊர்களில் நீர்க்கட்டி தலித். கூலி, அறுவடையில் அளந்து போட்ட நெல். தண்ணீர் வற்றும்போது எந்தப் பக்கம் சேறு முதலில் தலைகாட்டும், அங்கே எந்தப் பறவை முதலில் இறங்கும் என்பது அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நாற்று நடும் பெண்ணுக்குப் பின்னால் நாள் முழுக்க உண்ணிக்கொக்கு நடக்கிறது. மிதிபடும் சேற்றிலிருந்து கிளம்பும் பூச்சியைப் பிடிக்கத்தான் அது வருகிறது. புத்தகத்தில் இதை 'உணவுப் பழக்கம்' என்ற தலைப்பில் அச்சடித்திருப்பார்கள். நம் அம்மாக்களுக்கு அது தலைப்பு இல்லை, தினமும் கூட நடந்த துணை.

நரிக்குறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கவுதாரி எங்கே படுக்கும், காடை எந்தச் சத்தத்துக்கு வரும் என்பது அவர்களின் தலைமுறை அறிவு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பறவையைக் காப்பாற்ற வேண்டியதுதான். அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒரு சமூகத்தின் பிழைப்பை ஒரே கையெழுத்தில் குற்றமாக்கிய அரசு, அந்த அறிவைக்கொண்டு வேறு வேலை எதையும் உருவாக்கித் தரவில்லை. பாசிமணியும் ஊசியும் விற்கச் சொல்லித் தெருவில் விட்டது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆகிவிட்டது. இன்றும் பறவைக் குழுவின் விழிப்புணர்வுப் படங்களில் அவர்கள் 'வேட்டைக்காரர்கள்'. வழிகாட்டியாக, ஆசிரியராக அழைத்து மேடையில் உட்காரவைத்த குழுவை நாங்கள் பார்த்ததில்லை.

வேறு வழி இல்லாமல் போகவில்லை. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது, 1978இல் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்து வரும் மருந்து நாடு முழுக்க உயிர் காக்கிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்புக்கு முடிந்தது பறவைக்கு ஏன் முடியாது?

கடப்பாவில் நடந்ததையும் கேளுங்கள். ஜெர்டான்ஸ் கோர்சர் என்ற பறவை 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே எழுதிவிட்டார்கள். 1986இல் அது மறுபடி கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் தேடிக்கொண்டிருந்தபோது அதை இரவில் உயிரோடு பிடித்துக் கொடுத்தவர் அய்தண்ணா என்ற உள்ளூர் வேட்டைக்காரர். பிறகு அங்கே சரணாலயம் வந்தது, கால்வாயின் பாதைகூட மாறியது. பறவையின் பெயர் இன்றும் 19ஆம் நூற்றாண்டின் வெள்ளைக்கார மருத்துவர் பெயர்தான். அய்தண்ணா கட்டுரைகளில் ஒரு வரி.

பெயரில் ஒளிந்திருக்கும் ஊரும் சேரியும்

இப்போது 'பறவைக்கு ஏது சாதி' என்ற கேள்விக்கே திரும்ப வருவோம். பறவைக்குச் சாதி வைத்தது நாங்களா?

திண்டுக்கல் மாநகராட்சிக் குப்பைக் கிடங்குக்கு மேலே எந்நேரமும் வட்டமிடும் பருந்தைப் பாருங்கள். கரும்பழுப்பு நிறம், பிளவுபட்ட வால். இன்றைய ஆங்கிலப் பெயரில் கறுப்புப் பருந்து என்பார்கள். அதன் முந்தைய பெயர் தெரியுமா? 'பறையா கைட்'. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களின் நூல்களில் அப்படித்தான். 1941இல் சலீம் அலி எழுதி, இந்தியாவில் பறவை பார்க்க வந்த எல்லோரும் கையில் எடுத்த அந்தப் புகழ்பெற்ற நூலிலும் அதே பெயர்தான். செந்நிற உடலும் வெள்ளைத் தலையுமாக நீர்நிலைகளுக்கு மேலே பறக்கும் இன்னொரு பருந்து உண்டு. நாம் செம்பருந்து என்கிறோம். கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் கருடன் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது 'பிராமினி கைட்'.

குப்பைமேல் பறப்பது பறையன். வெள்ளைத் தலையோடு குளத்தின்மேல் பறப்பது பிராமணன். ஊரையும் சேரியையும் வானத்தில் ஏற்றிவைத்தவர்கள், பூமியில் நின்று எங்களைப் பார்த்து 'இதுலயுமா சாதி' என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டு பருந்தும் செத்ததைத் தின்பவைதான். செம்பருந்து கரையொதுங்கிய செத்த மீனைக் கொத்துவதை எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார். ஒரே வேலை. ஒன்றுக்குக் கும்பிடு, ஒன்றுக்கு வசவு. சாதியை விளக்க இதைவிட நல்ல பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

'பறையா கைட்' என்ற பெயர் பிறகு சத்தமில்லாமல் மறைந்துவிட்டது. ஏன் மாற்றினோம் என்று யாரும் பேசவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. 'பிராமினி' மட்டும் பத்திரமாக இருக்கிறது. பருந்துக்கும் இருக்கிறது, நாம் நிறத்தைப் பார்த்துக் கருந்தலை மைனா என்று சொல்லும் மைனாவுக்கும் இருக்கிறது. இழிவு என்று நினைத்ததை எடுத்துவிட்டு, பெருமை என்று நினைத்ததை வைத்துக்கொண்டார்கள். இதுவும் சாதி வேலைதான். பறையர் என்ற பெயருக்கு நாங்கள் வெட்கப்பட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்கே 'பறையன்' என்றுதான் பெயர் வைத்தார். வெட்கப்பட வேண்டியவர்கள், ஒரு மக்களின் பெயரை எடுத்துக் குப்பைக்கும் தெருநாய்க்கும் ஒட்டியவர்கள்.

அமெரிக்காவில் இந்தப் பேச்சு வெளிப்படையாக நடக்கிறது. மனிதர்களின் பெயர் தாங்கிய பறவைப் பெயர்களை மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023 நவம்பரில் அறிவித்தது. அடிமைகளை வைத்திருந்த ஆடுபானின் பெயரை நியூயார்க் நகரப் பறவைக் குழு 2024இல் கைவிட்டது; தேசிய அமைப்போ பெயரை மாற்ற மாட்டேன் என்று நிற்கிறது. சண்டை போடுகிறார்கள், வாக்களிக்கிறார்கள், பிரிகிறார்கள். இங்கே எந்தப் பறவைக் குழுவின் கூட்டத்திலாவது 'பிராமினி' என்ற சொல்லைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருக்கிறார்களா?

கரையில் நிற்கும் உரிமை

அங்கே அந்தப் பேச்சு சும்மா வரவில்லை. 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பின மனிதர், நாயைக் கயிற்றில் கட்டுங்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொன்னார். விதிப்படி கட்டியிருக்க வேண்டிய நாய். அந்தப் பெண் போலீசுக்குப் போன் போட்டு, கறுப்பன் ஒருவன் மிரட்டுகிறான் என்றார். அதே நாளில்தான் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரரின் முழங்கால் இருந்தது. ஒரு வாரத்துக்குள் கறுப்பின இளைஞர்கள் 'கறுப்பினப் பறவை நோக்குநர் வாரம்' என்று தொடங்கினார்கள். நாங்களும் இங்கே இருக்கிறோம், எங்கள் கையிலும் பைனாகுலர் இருக்கிறது என்று படம் எடுத்துப் போட்டார்கள். அந்த வாரம் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

நமக்கு இது புரியாத கதையா? எங்கள் தோழர்கள் இரண்டு பேர் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் நின்றபோது மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. "என்னப்பா பாக்குறீங்க? எந்த ஊரு?" ஊரைச் சொன்னார்கள். "ஊரு சரி, எந்தத் தெரு?" கரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் குளிக்கும் படித்துறை இருக்கிறதாம், கண்ணாடியை வைத்துக்கொண்டு என்ன பார்க்கிறீர்கள் என்று குரல் ஏறியது. போன வாரம் அதே கரையில் கேமராக்களோடு குழு நின்றபோது படித்துறை அங்கேதான் இருந்தது. அவர்களிடம் யாரும் தெருவைக் கேட்கவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

குளத்தில் ஆள்காட்டிக் குருவி இருக்கிறது. யார் வந்தாலும் கத்தும், சாதி பார்க்காது. மோட்டார் சைக்கிளில் வரும் ஆள்காட்டிதான் தெரு கேட்டுக் கத்துகிறது.

நடந்ததைக் குழுவில் சொன்னபோது கிடைத்த பதில்: "கிராமத்துல அப்படித்தான். அடுத்த தடவை எங்களோட சேர்ந்தே வாங்க." அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதன் பொருள் என்ன? உங்கள் காவலில்தான் எங்கள் மண்ணின் குளத்தை நாங்கள் பார்க்க முடியும் என்பதுதானே?

எண்ணுகிறவர் கையில் என்ன இருக்கிறது?

'ஆணவக்கொலை நடக்குது, கலெக்டர் ஆபீஸ் வாசல்ல பட்டாவுக்கு உட்கார்ந்திருக்கோம், நீங்க குருவி பார்க்கப் போறீங்களா?' என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். கேலி நியாயமானதுதான் என்று தோன்றும். ஆனால் பட்டியலும் பட்டாவும் நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கின்றன.

நத்தத்துக்கு அந்தப் பக்கம் மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 பறவையினங்கள், அரிய வல்லூறுகள், இராசாளிகள் என்ற கணக்கு அந்த அறிவிப்பின் முதுகெலும்பு. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. மக்கள் கிளர்ந்தெழுந்து போராடினார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. வென்றது மக்கள் போராட்டம். ஆனால் போராடியவர்கள் கையில் யாரோ பொறுமையாக எண்ணி எழுதிவைத்த பறவைப் பட்டியலும் ஓர் ஆயுதமாக இருந்தது.

பட்டியல் இன்னொரு பக்கமும் வெட்டும். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்கு காக்கப்பட வேண்டிய உயிர். அதே ஆண்டு மார்ச்சில்தான் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நிலம் இல்லாதவரின் ஒரே சொத்து நாலு ஆடு. ஒரு காட்டைச் சரணாலயம் ஆக்கும்போது, அந்த ஆடு நாளை எங்கே மேயும் என்று கேட்க அந்த மேசையில் யார் இருக்கிறார்கள்? 2006 வன உரிமைச் சட்டத்தைத் தெரிந்த, ஆடு மேய்த்த வீட்டிலிருந்து வந்த ஒருவர் கணக்கெடுப்புக் குழுவிலேயே இருந்தால் அந்தக் கேள்வி முதல் நாளே வரும். இல்லையென்றால் வேலி போட்ட பிறகுதான் வரும்.

நம் ஊரின் தோல் தொழிற்சாலைக் கழிவை மறக்க முடியுமா? 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, அதில் பெயர் குறிப்பிடப்பட்ட ஐந்து மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், நிலத்தையும் நீரையும் இழந்தவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது தீர்ப்பு. சுண்ணாம்புக் குழியில் கால்வைத்து உப்புத் தோலைப் புரட்டியவர்களும் நாம்; கழிவு இறங்கிய கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களிலும் நாம். அந்தப் பக்கத்துக் குளங்களுக்குப் பறவை நடை ஏன் போவதில்லை என்று கேட்டோம். "அங்க பறவை அதிகம் இருக்காது, நாத்தமும் அடிக்கும்" என்றார்கள். அதனால்தான் போக வேண்டும்! பறவை வராத குளமும் ஒரு கணக்குதான். ஒரு குளத்தில் ஜனவரிக்கு ஜனவரி என்ன இருந்தது, என்ன இல்லாமல் போனது என்று பத்தாண்டுகள் எழுதிவைத்தால், அது பசுமைத் தீர்ப்பாயத்தில் எடுத்து வைக்கக்கூடிய சான்று. அழகான குளத்தை எண்ணுவது பொழுதுபோக்கு. கெட்டுப்போன குளத்தை எண்ணுவது சாட்சி சொல்வது.

குழுக்களுக்கு ஐந்து சொல்

பிச்சை கேட்கவில்லை, 'எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்றும் கேட்கவில்லை. தன்னார்வம் என்ற சொல் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால் இவற்றைச் செய்யுங்கள்.

ஒன்று: எண்ணுகிற எல்லோரும் பொறுக்க வேண்டும், பொறுக்குகிற எல்லோரும் எண்ண வேண்டும். தூய்மைப் பணிக்கு மட்டும் விடுதி மாணவர்களை அழைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

இரண்டு: குழுவின் பேச்சும் படிவமும் தமிழில் இருக்கட்டும். கூடும் இடம் டவுன் பஸ் நிற்கும் இடமாக இருக்கட்டும். பொதுவுக்கு நாலு பைனாகுலர் வாங்கி வையுங்கள். கேமரா லென்ஸ் ஒன்றின் விலையில் பத்துப் பேருக்கு வாங்கலாம்.

மூன்று: உங்களுக்கு வழிகாட்டிய நீர்க்கட்டிக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் நரிக்குறவருக்கும் கூலி கொடுங்கள், அவர்கள் சம்மதித்தால் அறிக்கையில் பெயரையும் போடுங்கள். 'உள்ளூர் மக்கள் தெரிவித்தனர்' என்ற வரி இனி வேண்டாம்.

நான்கு: ஒரு குளத்தையோ காட்டையோ 'பாதுகாக்கப்பட்ட பகுதி' ஆக்கச் சொல்லி வனத்துறைக்கு எழுதுமுன், அதை நம்பிப் பிழைப்பவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஊரோடு மட்டும் பேசினால் போதாது, காலனியோடும் பேசுங்கள்.

ஐந்து: உங்களில் ஒருவரைப் பார்த்து யாராவது 'எந்தத் தெரு' என்று கேட்டால், பைனாகுலரை இறக்கிவிட்டு எல்லோரும் அவர் பக்கத்தில் வந்து நில்லுங்கள். இதை விதியாக எழுதிவையுங்கள்.

தோழர்களுக்கு

அவர்கள் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. விடுதியில் ஐந்து பேர் போதும். விடுதிக் கதவு விடிந்த பிறகுதான் திறக்கும் என்றால், பெண் தோழர்கள் மொட்டைமாடியிலிருந்தே தொடங்கலாம். காக்கையும் மைனாவும் தவிட்டுக்குருவியும் பறவைகள்தான். அரிய பறவையைத் தேடி அலைய வேண்டாம். ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, தேதியும் நேரமும் இடமும் எழுதினால் அது ஒரு பட்டியல். அதை இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் உலகத்தில் யாரும் பார்க்கலாம். பெயர் தெரியாவிட்டால் பாட்டியிடம் கேளுங்கள். பாட்டி சொல்லும் பெயரையும் எழுதுங்கள். புத்தகத்தில் இல்லாத பெயராக இருந்தால் இரண்டு முறை எழுதுங்கள்.

ஜனவரியில் பொங்கலையொட்டி நாலு நாள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு ஈரநிலங்களுக்கு ஒன்றும் நிலப்பறவைகளுக்கு ஒன்றுமாக இரண்டு கட்டமாக நடக்கிறது. அதற்கும் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். சாக்குப்பை தூக்கக் கூப்பிட்டால் போகலாம், ஆனால் படிவத்தையும் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். நம் காலனிப் பக்கத்துக் குளம், குடகனாற்றின் கெட்டுப்போன மடு, மாநகராட்சிக் குப்பைமேடு: எந்தக் குழுவின் பட்டியலிலும் இல்லாத இந்த இடங்களை நாம் எடுத்துக்கொள்வோம்.

குப்பைமேட்டில் அந்தப் பருந்து நிச்சயம் இருக்கும். எத்தனை என்று சரியாக எண்ணுங்கள். படிவத்தில் ஊர்ப்பருந்து என்று எழுதுங்கள். அதன் பழைய ஆங்கிலப் பெயரை யாராவது சொல்லிச் சிரித்தால், அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற கதையை நின்று நிதானமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இனி கரைமேலும் நிற்க வேண்டும்.

ஜெய் பீம்.